டயாப்லோ 3: திறனும் கடினநிலையும்

டயாப்லோ 3, பிளிசார்ட் நிறுவனம் 2012 மே 15 அன்று கணினிக்காக வெளியிட்ட அதிரடிப் பாத்திர விளையாட்டு. இணைய இணைப்பு இல்லாமல் கணினியில் இதை ஆட முடியாது. இவ்வகை விளையாட்டுகளில் ஆடுபவரின் கைத்திறனும், அவருடைய பாத்திரம் பூண்டிருக்கும் ஆயுதமும் கவசமும் சேர்ந்தே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. பின்னது மிஞ்சினால் திறமைக்கு வேலையில்லை.

தொடக்கத்தில் இருந்த நான்கு கடினநிலைகளில் கடைசியானது இன்ஃபெர்னோ. அங்கே அரக்கனின் ஓரிரு அடியிலேயே பாத்திரம் மடிந்தது. சுழன்று வரும் ஊதாக் கதிரிலிருந்து நொடியில் விலகத் தெரிந்தவர்கூட நல்ல கவசம் இன்றித் திணறினார். அந்தக் கவசம் விளையாட்டுக்குள்ளேயே இருந்த ஏலச்சந்தையில் உண்மைப் பணத்துக்கும் விலைபோனது. பயிற்சியால் வரவேண்டியதைப் பணம் வாங்கித் தந்ததுதான் இந்த விளையாட்டின் பெரும் குறை.

2012 ஜூனில் இன்ஃபெர்னோ அரக்கர்களின் தாக்குவலு குறைக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் வந்த புதுப்பிப்பு, பாத்திரம் வளர வளர அரக்கர்களும் வலுப்பெறும்படி மாற்றி, கடினநிலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆடுபவரிடமே விட்டது. மார்ச் 18 அன்று ஏலச்சந்தை மூடப்பட்டது. ஆகஸ்டில் சேர்ந்த ‘பெரும் பிளவு’ என்னும் படிப்படியாகக் கடினமாகும் களங்களில் ஒவ்வொரு படிக்கும் 15 நிமிடக் கெடு, எட்டிய படியைப் பொறுத்து ஆடுபவர் பெயர் தரவரிசையில் ஏறும்.