ஜோகூரின் அரசு கிளினிக்குகளில் எச்.ஐ.வி. பரிசோதனை: மூன்று வாசல்களின் வரலாறு

மலேசியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986 டிசம்பரில் பதிவானது. அதே ஆண்டில்தான் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது. பெரிய மருத்துவமனைகளின் நிபுணர்களே கவனித்துவந்த இந்நோய், ஒரு ரிங்கிட் கட்டணத்தில் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரும் கிளினிக்குக்கு எவ்வழிகளில் வந்தது என்பதை ஜோகூர் மாநிலத்தை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

முதல் வாசல் கர்ப்பம். தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவாமல் தடுக்கும் திட்டம் 1998இல் நாடு முழுவதும் தொடங்கியது. எடை, இரத்த அழுத்தம் பார்ப்பதோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்ந்துகொண்டது. தொற்று உறுதியானால் தாய்க்கும் பிறக்கும் குழந்தைக்கும் மருந்து தரப்பட்டது. ‘உனக்கு ஏன் இந்தச் சோதனை?’ என்று எந்தப் பெண்ணும் கேட்கப்படவில்லை; எல்லாருக்கும் செய்ததால் யார்மீதும் சந்தேகம் விழவில்லை. இத்திட்டத்தின் வெற்றிக்கு மருந்துக்கு நிகராக இந்தப் பொதுமையும் காரணம் என்பது என் கணிப்பு. 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குத் தாய்-சேய் தொற்று ஒழிப்புச் சான்று வழங்கியது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு இதுவே.

இரண்டாவது வாசலை ஜோகூரே திறந்தது. திருமணம் செய்யவிருக்கும் முஸ்லிம் இணையருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையை 2001 நவம்பரில் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் அது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நோக்கம் மனைவியரைக் காப்பது. ஆனால் தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமல் போகலாம். மணநாளுக்குப் பின் வரும் தொற்றை அது தடுப்பதும் இல்லை. மேலும், 2002இல் நாட்டில் புதிதாகப் பதிவான 6,978 பேரில் பெரும்பாலோர் ஊசியைப் பகிர்ந்து போதைப்பொருள் ஏற்றிய ஆண்கள். கைதாகிவிடுவோமோ என்று அஞ்சிய அவர்கள் கிளினிக் பக்கம் வரத் தயங்கினர்.

அவர்களுக்கான மூன்றாவது வாசல் தாமதமாகவே திறந்தது. 2005 அக்டோபரில், போதைப்பொருளுக்குப் பதிலாக வாய்வழி தரப்படும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சை சோதனை முறையில் தொடங்கியது. 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் முன்னோடித் திட்டத்துக்குத் தேர்வான மூன்று இடங்களுள் ஜோகூர் பாருவும் ஒன்று. மற்றவை பினாங்கும் கோலாலம்பூரும். மெத்தடோன் பின்னர் அரசு கிளினிக்குகளுக்கும் வந்தது. அன்றன்றைய மருந்தைப் பணியாளர் முன்னிலையில் குடிக்க வேண்டும் என்பதால், ஒளிந்து வாழ்ந்த மனிதர் தினமும் முகம் காட்டும் நோயாளியானார். பரிசோதனையைப் பற்றி அவரிடம் பேச அப்போதுதான் வழி பிறந்தது.

கண்டறிந்தால் மட்டும் போதுமா? 2003 அக்டோபரில் மலேசிய அரசு காப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையாளரின் அனுமதியின்றி மருந்து பெற வழிசெய்யும் அரசுப் பயன்பாட்டு உரிமையைக் கையாண்டு, இந்தியாவின் சிப்லா நிறுவனத்தின் மலிவு மருந்துகளை வரவழைத்தது. துணிச்சலான முடிவு அது. மருந்துச் செலவு பெருமளவு இறங்கியது. சிகிச்சை பெறக்கூடியவர் தொகை கூடியது. நோய் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு இருந்தாலும் தொற்றுள்ள அனைவருக்கும் சிகிச்சை என்பதை 2017ஆம் ஆண்டின் நெறிமுறை ஏற்றது. இன்று நிலையான உடல்நலமுள்ள நோயாளியைக் கிளினிக்கின் குடும்ப மருத்துவ நிபுணரே கவனிக்க முடிகிறது. மெர்சிங்கிலிருந்து, பெரிய மருத்துவமனை உள்ள ஜோகூர் பாரு நூறு கிலோமீட்டருக்கு மேல். போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும்; அதனால் மருந்து தடைபடலாம். மருந்தை இடைவிடாமல் உட்கொண்டு இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. ஆகவே கிளினிக்கின் அருகாமையே ஒரு தடுப்பு முறை.

2010களில் ஊசியை முந்திக்கொண்டு உடலுறவே தொற்றின் முதன்மை வழியானது. இங்கேதான் தமிழர் நிலை கவலை தருகிறது. கட்டாய மணமுன் சோதனை முஸ்லிம் அல்லாதோரைத் தொடுவதில்லை. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ வாழும் தமிழ்ப் பெண்ணுக்குக் கர்ப்பகாலச் சோதனை கிடைக்கிறது. போதைப் பழக்கம் இல்லாத அவள் கணவனுக்கு இந்த மூன்றில் எந்த வாசலும் இல்லை. கட்டாயத்தை அவன்மீதும் நீட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. மனைவியின் முதல் கர்ப்பப் பதிவு நாளிலேயே, சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனைக்கும் அவனை அழைக்கலாம். 1998இல் பெண்களிடம் பலித்த பொதுமையை ஆண்களுக்கும் விரிக்கப் புதிய சட்டம் தேவையில்லை. கிளினிக்கின் பதிவு அட்டையில் இன்னொரு வரி சேர்ந்தால் போதும்.