அடங்காத் தமிழரின் கணக்கு

1936-ல் இலங்கை அரசாங்க சபையில் 7 நிர்வாகக் குழுக்கள் இருந்தன. உறுப்பினர்கள் குழு குழுவாகப் பிரிவார்கள்; ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும்; அந்தத் தலைவர்தான் மந்திரி. எந்தக் குழுவில் யார் யாரை உட்கார வைத்தால் 7 நாற்காலியும் சிங்களவருக்கே வரும் என்பது சிங்களத் தலைவர்களின் கேள்வி. இதற்கு அரசியல் மட்டும் போதாது, கணக்கும் தெரிய வேண்டும். கணக்குப் போட்டுக் கொடுத்தவர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், உரும்பிராயில் பிறந்த தமிழர், செல்லப்பா சுந்தரலிங்கம் என்று இலங்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒரு தமிழர்கூட இல்லாத மந்திரி சபை அமைந்தது.

தனித் தமிழ் நாடு வேண்டும் என்று பின்னாளில் கட்சியே தொடங்கியவரும் இதே மனிதர்தான்.

ஆக்ஸ்போர்டில் படித்தவர். சிவில் சர்வீஸ் வேலையை விட்டுவிட்டு, கொழும்பில் பௌத்தர்களின் பெரிய பள்ளிக்கூடமான ஆனந்தா கல்லூரிக்குத் துணை அதிபராகப் போனவர். பின்னாளில் பிரதமரான டி. எஸ். சேனநாயக்காவுக்கு நெருக்கம். 1947-ல் வவுனியாவில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். வர்த்தக மந்திரி ஆனார். ஓராண்டு கழித்து, 1948 டிசம்பரில், தோட்டத் தமிழரின் குடியுரிமையைத் தொட்ட இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது எழுந்து வெளியே போனார். பிரதமர் விளக்கம் கேட்டார். பதவியை விட்டார். தோட்டத்தில் தேயிலை பறிக்கும் மக்களுக்காக ஒரு யாழ்ப்பாணத்து மேல்சாதிக்காரர் மந்திரி நாற்காலியை விட்டது சின்ன காரியமில்லை. அதற்குரிய மரியாதையை நான் குறைக்க மாட்டேன்.

வவுனியா இருக்கும் வன்னிப் பகுதி அவரைக் கைவிடவில்லை. 1952-லும் 1956-லும் வவுனியா அவருக்கே விழுந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1958-ல் கலவரமும் நடந்தது. 1959-ல் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி என்ற கட்சியைத் தொடங்கினார். செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்டுக்கொண்டிருந்த காலம். இவர் கேட்டது தனி நாடு. தம்மை ‘அடங்காத் தமிழன்’ என்று அழைத்துக்கொண்டார். கட்சி என்று பெயர்தானே தவிர, அவரை எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இருக்காது. 1960 மார்ச் தேர்தலில் வவுனியாக்காரர்கள் தா. சிவசிதம்பரத்தை அனுப்பினார்கள். அதோடு சுந்தரலிங்கத்தின் பாராளுமன்ற வாழ்வு முடிந்தது.

ஆனால் தேர்தலில் தோற்பதை நான் வீழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்; அவர் விழுந்த இடம் வேறு. எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொன்னால் நான் சொல்ல வருவது புரியும். தமிழ்நாட்டுக் கரையோரப் பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்துப் பக்கம் இறால் படும் நல்ல இடங்களில் யார், எந்த நாளில் சுத்து வலை போடுவது என்பதைச் சில மீனவக் குப்பங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கின்றன. சர்க்கார் தயவு இல்லாமல் தண்ணீரைத் தாங்களே ஆள்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் வந்து பாராட்டிவிட்டுப் போகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சீட்டில் பெயர் எழுத வேண்டுமென்றால் அந்தக் குப்பங்களின் மீனவச் சாதித் தலைக்கட்டாக இருக்க வேண்டும். பக்கத்துக் காட்டூரில் வேறு சாதியில் பிறந்த என்னைப் போன்றவன் கரையில் நின்று பார்க்கலாம். அதனால் யாராவது சுயாட்சி என்று ஆரம்பித்தால், சீட்டில் யார் பெயர் இல்லை என்றுதான் முதலில் கேட்பேன்.

சுந்தரலிங்கத்திடமும் இதைக் கேட்க வேண்டிய நாள் வந்தது. 1968-ல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைப் பக்கத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியார் வந்து நின்றார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் பின்னால் இருந்தது. சண்முகதாசனின் சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள் அதை நடத்தினார்கள். கேட்டது சாமி கும்பிட உள்ளே போகும் உரிமை, அவ்வளவுதான். எழுபதைத் தாண்டிய சுந்தரலிங்கம் வழியை மறித்து நின்றார். கோயில் வழக்கம் என்றார், ஆகமம் என்றார். சாதியைக் காட்டிக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று 1957-லேயே இலங்கையில் சட்டம் இருந்தது. அதன்படி வழக்கு வந்தது, அபராதம் விழுந்தது. தோட்டத் தமிழனின் குடியுரிமைக்காக மந்திரி பதவியை விட்டவர், பக்கத்துத் தெருத் தமிழனுக்குக் கோயில் வாசலைக்கூட விடவில்லை. ஈழம் முழுக்கத் தமிழர் ஒற்றுமை என்று கட்சிக்குப் பெயர் வைத்தவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

1970-ல் அதே காங்கேசன்துறைத் தொகுதியில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று தோற்றார். சுயாட்சி கேட்டுத் தமிழரசுக் கட்சியிலிருந்து பிரிந்த வி. நவரத்தினமும் அந்தத் தேர்தலில் தோற்றார். பிரிவினை பேசியவர்களை ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். ஆறே வருஷம். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் செல்வநாயகம் தலைமையிலேயே தனி நாட்டுத் தீர்மானம் வந்தது. 1977-ல் அதைச் சொல்லித் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் பிடித்தது.

கோரிக்கை ஜெயித்த இடத்தில் சுந்தரலிங்கம் இல்லை. 1985 பிப்ரவரி 11 அன்று, 89 வயதில் இறந்தார். அப்போது அவர் கேட்ட நாட்டுக்காக இளைஞர்கள் துப்பாக்கி தூக்கியிருந்தார்கள். அந்த ஆயுத இயக்கங்களில் சேர்ந்தவர்களில், மாவிட்டபுரம் வாசலில் அவர் மறித்த அந்தச் சாதிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள்.