தானுந்து விற்பனை நிலையம் (இந்தியா)

தானுந்து விற்பனை நிலையம் என்பது, தானுந்து (கார்) உற்பத்தி நிறுவனம் ஒன்றுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் அடிப்படையில் அந்நிறுவனத்தின் வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்று, அவற்றுக்கான பராமரிப்புச் சேவையையும் வழங்கும் வணிக நிறுவனம் ஆகும். பேச்சு வழக்கில் இது கார் ஷோரூம் என்றும், இதை நடத்துபவர் டீலர் என்றும் அழைக்கப்படுகின்றனர். புதிய வண்டிகளை விற்பதே இதன் முதன்மைத் தொழிலாகத் தோன்றினாலும், இதன் இலாபத்தில் கணிசமான பகுதி கடன், காப்பீடு, துணைப்பொருட்கள், பழைய வண்டி வணிகம், பணிமனை ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. எனவே வண்டியின் விலையில் மட்டும் பேரம் பேசும் ஒருவர், அங்கே பெற்ற சலுகையை வேறு இனங்களில் இழந்துவிடக்கூடும்.

அமைப்பும் சட்ட நிலையும்

இந்தியாவில் பெரும்பாலான விற்பனையாளர்கள் உற்பத்தி நிறுவனத்திடமிருந்து வண்டிகளைத் தம் பொறுப்பில் வாங்கி, பின்னர் வாடிக்கையாளருக்கு விற்கின்றனர். அதாவது, இவர்கள் உற்பத்தி நிறுவனத்தின் ஊழியர்களோ பிரதிநிதிகளோ அல்லர்; தனி வணிகர்கள். இவ்வேறுபாடு வாங்குபவருக்கு முக்கியமானது. 2011-ஆம் ஆண்டுத் தயாரிப்பு எனக் கூறி 2009-ஆம் ஆண்டுத் தயாரிப்பான வண்டி ஒன்று விற்கப்பட்ட வழக்கில், உற்பத்தி நிறுவனத்தையும் பொறுப்பாக்கிய நுகர்வோர் ஆணையங்களின் உத்தரவை உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 2021-இல் நீக்கியது. விற்பனையாளரின் செயல் உற்பத்தி நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்பது மெய்ப்பிக்கப்படாத நிலையில், அதற்கு அந்நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இம்முறைக்கு மாறாக, மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 2021-இல் இந்தியாவில் நேரடி விற்பனை முறையை அறிமுகப்படுத்தியது. இதில் வண்டி இருப்பு நிறுவனத்துக்கே உரியது. விலை நாடு முழுவதும் ஒன்றே. விற்பனை நிலையம் தரகு மட்டும் பெறுகிறது.

வருவாய் வழிகள்

விற்பனைக் கழிவு
உற்பத்தி நிறுவனம் விற்பனையாளருக்கு விதிக்கும் விலைக்கும், வாடிக்கையாளருக்கான எக்ஸ்-ஷோரூம் விலைக்கும் உள்ள வேறுபாடே விற்பனைக் கழிவு ஆகும். இது வண்டி விலையில் சில விழுக்காடு மட்டுமே. வாடிக்கையாளருக்கு அளிக்கப்படும் தள்ளுபடியின் ஒரு பகுதி இதிலிருந்தே செல்கிறது. இதைத் தவிர, மாத, காலாண்டு விற்பனை இலக்கை எட்டினால் உற்பத்தி நிறுவனம் ஊக்கத்தொகை வழங்குவதும் உண்டு. இலக்கை எட்டச் சில வண்டிகளே குறைவாக இருக்கும் நிலையில், ஒரு வண்டியை இலாபமின்றி விற்பதும் விற்பனையாளருக்கு ஆதாயமாகலாம். மாத இறுதியிலும் ஆண்டு இறுதியிலும் சலுகைகள் கூடுவதற்கு இது ஒரு காரணம்.

கடன்
வங்கி அல்லது நிதி நிறுவனத்துக்கு வாடிக்கையாளரை அறிமுகப்படுத்துவதற்காக விற்பனை நிலையத்துக்குத் தரகு கிடைக்கிறது. ஆகவே நிலையம் பரிந்துரைக்கும் கடன், வாடிக்கையாளருக்கு மிகக் குறைந்த வட்டியுடைய கடனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முழுத் தொகையையும் ரொக்கமாகச் செலுத்துபவரை விடக் கடன் பெறுபவர் விற்பனையாளருக்குக் கூடுதல் வருவாய் தருபவராக இருப்பதும் இதனாலேயே.

காப்பீடு
மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகும். செப்டம்பர் 1, 2018 முதல் புதிய தானுந்துகளுக்கு இது மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்கப்படுகிறது. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இதிலிருந்து தனியானது. விற்பனை நிலையம் வழியாகக் காப்பீடு எடுக்கப்படும்போது அதற்கு ஊதியம் கிடைக்கிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் இதற்கான நெறிமுறைகளை 2017-இல் நடைமுறைப்படுத்தியது. காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கே உரியது. குறிப்பிட்ட காப்பீட்டை எடுத்தால்தான் வண்டி தரப்படும் எனக் கட்டாயப்படுத்த முடியாது.

துணைப்பொருட்களும் நீட்டித்த உத்தரவாதமும்
இருக்கை உறை, தரை விரிப்பு, ஒலிக்கருவி, வண்ணப் பாதுகாப்புப் பூச்சு போன்றவற்றின் விற்பனையில் இலாப விகிதம் வண்டி விற்பனையில் உள்ளதை விட அதிகம். உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதம் முடிந்த பின் தொடரும் நீட்டித்த உத்தரவாதமும் இவ்வகையினதே. இதில் எவ்வுறுப்புகள் அடங்கா என்பதும், ஒவ்வொரு பராமரிப்பும் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலேயே செய்யப்பட வேண்டுமா என்பதும் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

பழைய வண்டி மாற்று
வாடிக்கையாளரின் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு, அதன் மதிப்பைப் புதிய வண்டியின் விலையில் கழிக்கும் முறை பரவலாக உள்ளது. பழைய வண்டி பின்னர் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, புதிய வண்டிக்கு 20,000 ரூபாய் தள்ளுபடி அளித்து, பழைய வண்டியைச் சந்தை மதிப்பை விட 40,000 ரூபாய் குறைவாக எடுத்துக்கொண்டால், வாடிக்கையாளருக்கு மொத்தத்தில் 20,000 ரூபாய் இழப்பே ஏற்படும். இதுவே "பரிமாற்றச் சலுகை" என்ற பெயரில் இலாபமாகக் காட்டப்படலாம்.

பணிமனை
பராமரிப்பும் உதிரிப்பாகங்களும் தொடர்ச்சியான வருவாய் தருவன. புதிய வண்டிகளின் விற்பனை குறையும் காலத்திலும் நிலையத்தைத் தாங்குவன. உதிரிப்பாகங்கள் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்காதபடி செய்து போட்டியைத் தடுத்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் ஆகஸ்ட் 2014-இல் 14 தானுந்து நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. இதை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன.

செலவுகளும் இடர்களும்

விற்பனையாளர் தம் இருப்பில் உள்ள வண்டிகளைப் பெரும்பாலும் கடன் பெற்றே வாங்குகிறார். விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. காட்சிக்கூட வாடகை, பணிமனைக் கருவிகள், பணியாளர் ஊதியம் ஆகியவையும் அவரைச் சார்ந்தவை.

உற்பத்தி நிறுவனம் சந்தையை விட்டு விலகினால் இம்முதலீடு முழுவதும் இடருக்குள்ளாகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியபோதும், சென்னை அருகே மறைமலை நகரிலும் குசராத்தின் சாணந்திலும் ஆலைகளைக் கொண்டிருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தபோதும் விற்பனையாளர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையாளர்களைக் காக்க 1956-இலேயே கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய பாதுகாப்புச் சட்டம் இந்தியாவிலும் வேண்டும் என்பது, 1964-இல் தொடங்கப்பட்ட தானுந்து விற்பனையாளர் சங்கங்களின் கூட்டமைப்பின் கோரிக்கையாகும்.

விலையின் கூறுகள்

விளம்பரங்களில் காணப்படுவது எக்ஸ்-ஷோரூம் விலை. இதில் சரக்கு மற்றும் சேவை வரி அடங்கும். செப்டம்பர் 22, 2025 முதல் சிறிய தானுந்துகளுக்கு 18 விழுக்காடும், பெரியவற்றுக்கு 40 விழுக்காடும், மின் தானுந்துகளுக்கு 5 விழுக்காடும் வரியாக விதிக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோல் எனில் 1,200 கன செ.மீ., டீசல் எனில் 1,500 கன செ.மீ. என்ற அளவுக்கு மேற்படாத எந்திரமும் கொண்டவை சிறியவை எனக் கொள்ளப்படும்.

வண்டி சாலைக்கு வரும்போது ஆகும் மொத்தத் தொகை ஆன்-ரோடு விலை எனப்படும். இதில் பின்வருவன சேரும்:

- மாநில அரசின் சாலை வரியும் பதிவுக் கட்டணமும். இவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.
- காப்பீட்டுத் தொகை.
- வண்டி விலை 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால், விற்பனையாளர் வசூலித்து அரசுக்குச் செலுத்தும் 1 விழுக்காடு வருமான வரி. இதை வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.
- விற்பனை நிலையம் தாமாகச் சேர்க்கும் துணைப்பொருட்கள், நீட்டித்த உத்தரவாதம், கையாளுகைக் கட்டணம் போன்றவை.

இவற்றுள் வரிகளும் பதிவுக் கட்டணமும் அரசுக்குரியவை, பேரத்துக்கு உட்படாதவை. காப்பீடும் இறுதி வகையினவும் பேரத்துக்கோ மறுப்புக்கோ உரியவை. கையாளுகைக் கட்டணம் அரசு விதிப்பது அன்று. இதற்கு எதிராக நுகர்வோர் ஆணையங்களை அணுகித் தொகையைத் திரும்பப் பெற்றவர்களும் உள்ளனர்.

தள்ளுபடிக் கட்டுப்பாடு

ஒரே வண்டியை வெவ்வேறு விற்பனையாளர்களிடம் விசாரித்தாலும் தள்ளுபடி ஒன்றாகவே இருப்பதற்கு உற்பத்தி நிறுவனத்தின் கட்டுப்பாடும் காரணமாக இருக்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி அளித்த விற்பனையாளர்களுக்கு அபராதம் விதித்ததாகவும், வாடிக்கையாளர் போல் ஆட்களை அனுப்பி அதைக் கண்காணித்ததாகவும் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் ஆகஸ்ட் 2021-இல் மாருதி சுசூக்கி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. நிறுவனம் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. 2017-இல் ஹுண்டாய் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் தண்டத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018-இல் நீக்கியது.

வாங்குவோர் அறிய வேண்டியவை

தனித்தனி விலை: புதிய வண்டி, பழைய வண்டி, கடன், காப்பீடு, துணைப்பொருள் ஆகிய ஐந்தும் ஐந்து தனி வணிகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விலையை எழுத்தில் பெற்று, வேறிடத்து விலையுடன் ஒப்பிடுவது நன்று. காப்பீட்டை ஒப்பிடும்போது வண்டிக்குக் குறிக்கப்பட்ட காப்பீட்டு மதிப்பு சமமாக உள்ளதா எனவும் பார்க்க வேண்டும். மதிப்பைக் குறைத்தும் கட்டணத்தைக் குறைத்துக் காட்டலாம்.

மாதத் தவணை: "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்வி மொத்தச் செலவை மறைக்க வல்லது, கடன் காலத்தை நீட்டினால் எந்த விலையும் சிறிய தவணையாகத் தோன்றும். வட்டி கணக்கிடும் முறையும் முக்கியமானது. 6 இலட்சம் ரூபாய்க் கடனுக்கு 5 ஆண்டுகளுக்கு 7 விழுக்காடு நிலை வட்டி எனில், மொத்த வட்டி 2,10,000 ரூபாய். மாதத் தவணை 13,500 ரூபாய். கடன் மாதந்தோறும் குறைந்துவந்தாலும் வட்டி முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுவதால், குறையும் நிலுவை முறையில் இது ஏறத்தாழ 12.5 விழுக்காட்டு வட்டிக்குச் சமமாகும். உண்மையான ஆண்டுச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் பெறுவோருக்குத் தர வேண்டும் என்ற இந்திய ரிசர்வ் வங்கியின் விதி அக்டோபர் 1, 2024 முதல் தனிநபர் கடன்களுக்குப் பொதுவாக நடைமுறைக்கு வந்தது.

தயாரிப்பு மாதமும் ஆண்டும்: நெடுநாள் இருப்பில் இருந்த வண்டியின் மறுவிற்பனை மதிப்பு குறைவு. விற்பனைச் சான்றிதழில் (படிவம் 21) தயாரிப்பு மாதமும் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும். அடிச்சட்ட எண்ணும் எந்திர எண்ணும் ஆவணங்களுடன் ஒத்திருக்கின்றனவா என்பதை, பதிவுக்கு முன்பே வண்டியை நேரில் பார்த்துச் சரிபார்ப்பது நன்று. பதிவு முடிந்த பின் வண்டியை மறுப்பது கடினம். ஓடிய தொலைவு, வண்ணப்பூச்சு, சக்கர உறை ஆகியவற்றையும் அப்போதே பார்க்கலாம்.

முன்பணம்: பதிவை விலக்கிக்கொண்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், வண்டி வருமுன் விலை உயர்ந்தால் எவ்விலை பொருந்தும் என்பவை முன்பதிவுப் படிவத்தில் இருக்கும். வாய்மொழி உறுதிகளை மெய்ப்பிப்பது கடினம்.

பழைய வண்டியை ஒப்படைத்தல்: வண்டியை விற்பனையாளரிடம் விட்டபின்னும் பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயர் மாறும் வரை விபத்து, குற்ற வழக்குகளில் பழைய உரிமையாளரே தேடப்படலாம். ஏப்ரல் 1, 2023 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி விற்பனையாளரிடம் ஒப்படைத்ததைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வழி உள்ளது.

குறை தீர்ப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரையிலானால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். விலைப்பட்டியல், முன்பதிவுப் படிவம், பணம் செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவையே இங்கு முதன்மைச் சான்றுகளாகும்.

இவற்றையும் பார்க்க

- தானுந்து
- காப்பீடு
- நுகர்வோர் பாதுகாப்பு