துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் மெருகிடுதல்

துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் மெருகிடுதல் என்பது ரைபிள் முதலிய நீள்குழல் துப்பாக்கிகளின் மரப்பகுதிகளிலுள்ள அழுக்கையும் பழைய பூச்சையும் நீக்கி, உலரும் தன்மையுள்ள தாவர எண்ணெயைக் கையால் தேய்த்து மரத்தில் ஊறச்செய்யும் முறையாகும். இதற்குப் பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய் பயன்படுகிறது. வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்கும். எண்ணெயோ மரத்தின் நுண்துளைகளுக்குள் சென்று அங்கேயே இறுகும். ஆகவே எண்ணெய் மெருகு உரிவதில்லை. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் எண்ணெய் தேய்த்துச் சரிசெய்யலாம்.

இந்தியாவில் மரக்கட்டை ரைபிள்

இந்தியாவில் மரக்கட்டையுடன் கூடிய ரைபிள்களில் பரவலாக அறியப்பட்டது .303 லீ-என்பீல்டு ஆகும். மேற்கு வங்காளத்தில் ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இதனைத் தயாரித்தது. 1962 இந்திய-சீனப் போரைத் தொடர்ந்து, இதே அமைப்பை வலுவான எஃகால் மாற்றியமைத்து, 7.62 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் 2ஏ, 2ஏ1 வகைகள் உருவாக்கப்பட்டன. இவற்றின் தோட்டாக்கூடு 12 தோட்டாக்களைக் கொண்டது.

.303 ரைபிள் காவல்துறையில் நெடுங்காலம் நீடித்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 சனவரி 26 குடியரசு நாள் அணிவகுப்புடன் அதற்கு விடை கொடுத்தது. தமிழ்நாட்டில் 1966-இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையும் ரைபிள்களைத் தயாரித்து வருகிறது. இசாப்பூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இரண்டும் 2021 அக்டோபர் 1 முதல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்குகின்றன. புதிய ரைபிள்களில் மரத்தின் இடத்தை நெகிழி பெருமளவு பிடித்துவிட்டது. மாணவர்களுக்கு இன்று மரக்கட்டைத் துப்பாக்கி கைக்கு எட்டும் இடம் பெரும்பாலும் தேசிய மாணவர் படையின் .22 பயிற்சி ரைபிளே.

மரமும் கட்டையின் பகுதிகளும்

கட்டைக்கு உகந்த மரமாக அக்ரூட் மரம் கருதப்படுகிறது. எடை குறைவு, எளிதில் பிளவாமை, ஈரத்தால் அதிகம் வளையாமை ஆகியன இதன் சிறப்புகள். இந்தியாவில் இது காசுமீர், இமாச்சலப் பிரதேசம் முதலிய இமயமலைப் பகுதிகளில் வளர்கிறது. போர்க்காலங்களில் அக்ரூட் பற்றாக்குறை ஏற்பட்டபோது பல நாடுகள் பிர்ச், பீச் முதலிய மரங்களுக்கு மாறின.

லீ-என்பீல்டின் கட்டை ஒரே துண்டு அன்று. தோளில் பதியும் பின்கட்டை, குழலைத் தாங்கும் முன்கட்டை, குழலின் மேல் அமையும் கைக்காப்பு என இது பிரிந்திருக்கும். சுடும்போது எழும் பின்னுதைப்பை முன்கட்டையின் பின்முனையில் உள்ள மரப்பரப்புகள் தாங்குகின்றன. அவ்விடம் நைந்தால் கட்டை பிளவுபடும், குறியும் தவறும். முன்கட்டை பிளவதைத் தடுக்க இசாப்பூரில் குறுக்காகச் செலுத்தப்பட்ட வலுவூட்டும் திருகாணி, 'இசாப்பூர் திருகாணி' என்றே சேகரிப்பாளர்களால் அழைக்கப்படுகிறது.

எண்ணெய் உலரும் விதம்

ஆளி விதை எண்ணெய் நீர் போல ஆவியாகி உலர்வதில்லை. அதில் ஏறத்தாழ பாதியளவு உள்ள லினோலெனிக் அமிலமும் பிற நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து திண்மமாகின்றன. இப்பண்பை அயோடின் எண் காட்டும். ஆளி விதை எண்ணெயின் அயோடின் எண் 170-க்கு மேற்பட்டது. நல்லெண்ணெய்க்கு இது சுமார் 110, தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவே. ஆகவே தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் உலராது. தூசியை ஈர்த்து, காலப்போக்கில் சிக்கு நாற்றம் வீசும். இயந்திர எண்ணெயும் உலராது. உலோகப் பகுதிகளில் இடப்பட்ட இயந்திர எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கட்டைக்குள் வடிந்து மரத்தைக் கறுக்கவும் மென்மையாகவும் செய்கிறது. பழைய துப்பாக்கிகளைச் சுவரில் குழல் மேல்நோக்கிச் சாய்த்து வைப்பதால் நேரும் கேடு இது.

பச்சை ஆளி விதை எண்ணெய் உலரப் பல நாட்கள் ஆகும். கடைகளில் 'காய்ச்சிய' எண்ணெய் என விற்கப்படுவதில் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகங்களின் உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதால் அது ஏறத்தாழ ஒரு நாளில் உலரும். இத்தகைய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

செய்முறை

1. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தல். தோட்டாக்கூட்டையும் அடைப்பானையும் கழற்றித் தனியே வைத்தல்.

2. மரப்பகுதிகளைக் கழற்றுதல். பழைய லீ-என்பீல்டு வகையில் முன்கட்டையை முதலில் கழற்றிய பின்னரே பின்கட்டையின் நீண்ட திருகாணியைத் திருப்ப வேண்டும். அத்திருகாணியின் சதுரமுனை முன்கட்டைக்குள் உள்ள தகட்டில் பொருந்தியிருப்பதால், வரிசை மாறினால் முன்கட்டை பிளந்துவிடும்.

3. பழைய எண்ணெயை நீக்குதல். டர்ப்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தபின், சாக்குப் பொடியைக் கரைப்பானில் குழைத்துப் பூசி உலரவிட்டால், மரத்தில் ஊறிய எண்ணெயைப் பொடி உறிஞ்சிக்கொள்ளும். கட்டை வெளிறும்வரை இதனைத் திரும்பச் செய்யலாம்.

4. பள்ளங்களை எழுப்புதல். ஈரத்துணியைப் பள்ளத்தின்மேல் வைத்துச் சூடான இசுதிரிப் பெட்டியால் அழுத்தினால், நீராவி நசுங்கிய மர இழைகளை உப்பச் செய்யும். இழை அறுபட்ட வெட்டுக்காயங்கள் இம்முறையில் எழும்பா.

5. உப்புத்தாள் இடுதல். 180, 220, 320 எண் தாள்களை வரிசையாக, மர இழையின் போக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். பின்னர் மரத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, எழும்பிய சிலாம்புகளை மீண்டும் தேய்த்து நீக்க வேண்டும். உலோகம் பொருந்தும் விளிம்புகளிலும் உட்பள்ளங்களிலும் உப்புத்தாள் படக்கூடாது.

6. எண்ணெய் இடுதல். முதல் பூச்சில் எண்ணெயையும் டர்ப்பன்டைனையும் சம அளவில் கலந்தால் அது ஆழமாக ஊறும். 15 முதல் 20 நிமிடம் கழித்து மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்துவிட வேண்டும். விட்டால் அது பிசின்போல ஒட்டும். ஒரு நாள் உலர்ந்தபின், அடுத்த பூச்சுகளில் சில துளிகளை மட்டும் விட்டு, உள்ளங்கையின் சூடு ஏறும்வரை தேய்க்க வேண்டும். முனைகளில் அறுபட்ட இழைகள் அதிக எண்ணெயை உறிஞ்சுமாதலால் அவற்றைத் தவறவிடக் கூடாது.

ஒரு வாரம் நாள்தோறும், ஒரு மாதம் வாரந்தோறும், ஓராண்டு மாதந்தோறும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்க்க வேண்டும் என்பது இத்தொழிலில் வழங்கும் பழைய விதி.

தட்பவெப்பத்தின் தாக்கம்

மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரியும், வறட்சியில் சுருங்கும். திண்டுக்கல் சமவெளியின் கோடை வெப்பமும் அதனை அடுத்த சிறுமலையின் மூடுபனியும் குறுகிய பயணத் தொலைவில் உள்ளவை. இத்தகைய இரு சூழல்களுக்கிடையே மாறிவரும் கட்டையில் முன்கட்டை சிறிது வளைந்து குழலை அழுத்தினாலும் குறி இடம் மாறும். எண்ணெய் மெருகு ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. அது உட்புகும் வேகத்தை மட்டும் குறைக்கிறது. ஆகையால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், வறண்ட நாட்களில் இவ்வேலையை முடித்துக்கொள்வது நன்று. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுத் திரும்பும் உரிமத் துப்பாக்கிகளின் கட்டையைப் பூஞ்சைக்கும் விரிசலுக்கும் சோதிப்பது பயனுடையது.

தீ ஆபத்து

எண்ணெய் ஆக்சிசனுடன் வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படுகிறது. விரித்த துணியில் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். சுருட்டிக் குவித்த துணியில் அது வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சியே இன்றித் தீப்பற்றும். 1991 பெப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்னும் 38 மாடிக் கட்டடத்தில் இவ்வாறே தீ மூண்டது. மரப்பலகைகளுக்கு மெருகிட்டவர்கள் விட்டுச்சென்ற, ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளே அதற்குக் காரணம். தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். ஆகவே பயன்படுத்திய துணிகளைத் திறந்த வெளியில் ஒற்றையாக விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீர் நிரம்பிய மூடியுள்ள தகரக் கலத்தில் இட வேண்டும்.

சட்டமும் பழம்பொருள் மதிப்பும்

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க ஆயுதச் சட்டம், 1959-இன் கீழ் உரிமம் தேவை. துப்பாக்கியின் பாகங்களும் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். எனவே விரிசல் விழுந்த கட்டையை உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடம் கொடுப்பதே முறையாகும்.

பழைய கட்டைகளில் தொழிற்சாலை முத்திரை, ஆண்டு, படைப்பிரிவு எண் முதலியன பொறிக்கப்பட்டிருக்கும். அத்துப்பாக்கி எங்கே பிறந்து யாரிடம் பயன்பட்டது என்பதற்கு அவையே சான்று. உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து அழித்த முத்திரையை மீட்க இயலாது. எனவே அருங்காட்சியகப் பொருள்களிலும் முத்திரையுள்ள கட்டைகளிலும் அழுக்கை மட்டும் நீக்கி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

இவற்றையும் பார்க்கவும்

ஆளி விதை எண்ணெய்
அக்ரூட் மரம்
லீ-என்பீல்டு
அரக்கு