கவிழ்த்து வைத்த கலங்கள்

நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு அருகே உள்ள கொடுமணலில் 1980-களில் அகழாய்வு நடந்தபோது, கல்மணிகளும் இரும்பு உருக்கிய உலைகளும்தான் அதிகம் பேசப்பட்டன. தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளுக்கும் தனிப் புகழ். ஆனால், எழுத்தே இல்லாத ஓடுகளும் ஒரு தொழில்நுட்பத்தைச் சொல்கின்றன.

அங்கு கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்களில் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்திருக்கும். வெளியே அடிப்பகுதி சிவந்திருக்கும். வைக்கோல், உமி போன்றவற்றின் மேல் கலத்தைக் கவிழ்த்துச் சுட்டதால் வந்த நிறம் என்பது பரவலான விளக்கம். காற்று புகாத உட்புறத்தில் கரி படிகிறது. காற்றுப்பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. ஆக, பாதி வண்ணவேலை நெருப்பு மூட்டும் முன்பே, அடுக்கும்போதே முடிந்துவிடுகிறது!

குயவர்களுக்கு மற்ற முன்வேலையெல்லாம் ஈரத்தோடு நடக்கும் சண்டை. பானை நிழலில் உலர்ந்து, பிறகு வெயில் காண வேண்டும். கனத்த பானைகள் அடியில், சிறியவை மேலே. இடுக்குகளில் விறகு, வரட்டி, தேங்காய் மட்டை. மேலே வைக்கோல் பரப்பி, சேறு மெழுகி, புகைபோகத் துளை விடுவார்கள். முதல் சில மணி நேரம் தீ சிறிதாகவே எரியும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிப் பானையை வெடிக்க வைக்கும்.

உடுமலை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கலின்போது மண் உருவாரங்களை நேர்ந்து வைக்கிறார்கள். கால்நடை நலம் வேண்டிச் செலுத்தும் மாடு, கன்றுகள் அவை. பொங்கலுக்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையோ மழைக்காலம்; அப்போது அவற்றைச் சுடத் தயாரானால் ஈரத்தோடு நடக்கும் அந்தச் சண்டை இன்னும் கடுமையாகும்.