ஆயிரம் பெரிதா, தொள்ளாயிரம் பெரிதா?

தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிய சிறுவன், ஆயிரத்தை ‘௲’ என்னும் ஒரே குறியாலும், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை ‘௯௱௯௰௯’ என ஐந்து குறிகளாலும் எழுதினான். நீளங்கண்டு பெரிதெது, சிறிதெது என்று கூறவியலாது. எண்சுவடியை மனனஞ் செய்தவனுக்கே குறிகளின் பெறுமானம் விளங்கும். அவ்வாய்ப்போ எல்லாச் சாதியார்க்கும் இருக்கவில்லை. ஈட்டுறுதியிற் கைநாட்டு வைத்த கமக்காரன், வாசித்தவர் சொன்ன தொகையையே நம்பினான்.

பூச்சியத்தோடு கூடிய இடப்பெறுமான முறை பாடசாலைகளிற் பரவியபின், இலக்கங்களை எண்ணினாலே போதுமாயிற்று: 1000இல் நான்கு, 999இல் மூன்று. அவை ஒத்திருந்தால், இடப்புறத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடலாம். எளிதென்று நாம் கடந்துபோகும் பாடம் இது. பாடம் எளிதாயினும் பாடசாலைக் கதவு எளிதாகத் திறக்கவில்லை. இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் படித்த பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில்.