தொண்டையிலிருந்து தந்திக்கு: சார்லி ஹேடன்

சார்லி ஹேடன் வானொலியில் பாடத் தொடங்கியபோது அவருக்கு இரண்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. 1937-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஷெனண்டோவா என்ற சிற்றூரில் பிறந்தவர். பெற்றோரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து கன்ட்ரி பாடல்களைப் பாடிவந்த குடும்பம் அது. ‘கௌபாய் சார்லி’ என்பது மேடையில் குழந்தைக்கு வழங்கிய பெயர். பதினைந்தாம் வயதில் இளம்பிள்ளை வாதம் அவருடைய தொண்டையையும் முகத்தசைகளையும் தாக்கியது. பாட்டு நின்றுபோயிற்று. அண்ணன் ஜிம் வாசித்துவந்த டபுள் பாஸ் வீட்டில் இருந்தது.

ஹேடனின் வாசிப்பைப் பற்றி எழுதப்படும் எதுவும் இந்த இழப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர் கைகளில் பாஸ் பாடகனின் மூச்சைப் பழகிக்கொண்டது.

1957-இல் ஜாஸ் பயில லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். படிப்பைவிட இரவு விடுதிகளே அவருக்கு அதிகம் கற்றுத்தந்தன. அங்கேதான் ஆர்னெட் கோல்மனைச் சந்தித்தார். அந்நாளைய ஜாஸில் ஒரு பாடலின் சுரக்கட்டுகள் முன்கூட்டியே வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அந்த வரிசையைத் தாங்கிப் பிடிப்பதே பாஸ் கலைஞரின் வேலை. கோல்மன் அந்த வரிசையையே தூக்கி எறிந்தார். தாங்க ஒன்றுமில்லாத இடத்தில் பாஸ் என்ன செய்யும்? சாக்ஸபோன் போகும் திசையைக் காதால் தொடர்ந்து, அந்தக் கணத்திலேயே அதற்கொரு தரையை அமைத்துக் கொடுத்தார் ஹேடன். 1959 நவம்பரில் இக்குழு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசித்தபோது ஜாஸ் உலகம் இரண்டுபட்டது. ஹேடனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

1960 டிசம்பரில் பதிவான ‘ஃப்ரீ ஜாஸ்’ தட்டைக் கேட்பவர்கள் ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. இடப்பக்கம் ஸ்காட் லஃபாரோ, வலப்பக்கம் ஹேடன். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர்கள். லஃபாரோவின் விரல்கள் மேல் ஸ்தாயியில் கிட்டார்போலப் பறக்கின்றன. ஹேடனோ கீழேயே நின்று, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதன் கார்வை அடங்கும்வரை விட்டுவைக்கிறார். அடுத்த ஜூலையில் லஃபாரோ கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25. பின்வந்த பாஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் லஃபாரோவின் வேகத்தைத் துரத்தினார்கள். ஹேடன் துரத்தவில்லை.

ஹெராயின் அவருடைய சில ஆண்டுகளை விழுங்கியது. மீண்டு வந்தவர் 1969-இல், கார்லா ப்ளேயின் இசையமைப்புத் துணையுடன் ‘லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா’வைப் பதிவுசெய்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்காலப் பாடல்களும், சே குவேராவுக்காக அவரே எழுதிய பாடலும் அதில் உண்டு.

அந்தப் பாடல் அவரைச் சிறைக்குக் கொண்டுபோனது. 1971 நவம்பரில் போர்ச்சுகலின் கஷ்காய்ஷ் நகரில் கோல்மன் குழுவின் கச்சேரி. நாட்டில் சர்வாதிகாரம், ஆப்பிரிக்கக் காலனிகளில் போர். அங்கோலா, மொசாம்பிக், கினி விடுதலை இயக்கங்களுக்கு அப்பாடலைச் சமர்ப்பிப்பதாக ஹேடன் மேடையில் அறிவித்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. மறுநாள் லிஸ்பன் விமான நிலையத்தில் இரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துச் சென்று விசாரித்தது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்ட பின்னரே விடுதலை. கச்சேரி ஒப்பந்தத்துக்காக மேடையேறியவர் வாசித்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம். கேட்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள். 1974 ஏப்ரலில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1976-இல் பால் மோஷியனுடன் ‘ஃபார் எ ஃப்ரீ போர்ச்சுகல்’ என்ற இருவர் இசையைப் பதிவுசெய்தார்.

கீத் ஜாரெட், பாட் மெத்தனி ஆகியோருடனான பதிவுகள் பலரும் அறிந்தவை. ஜாரெட்டின் எழுபதுகளின் நால்வர் குழுவைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

2008-இல் ‘ராம்ப்ளிங் பாய்’ என்ற தட்டுக்காகப் பிள்ளைகளையும் நண்பர்களையும் கூட்டி, சிறுவயதுக் கன்ட்ரி பாடல்களைப் பாடவைத்தார். கடைசிப் பாட்டு ‘ஷெனண்டோவா’. அதை ஹேடனே பாடியிருக்கிறார். மெலிந்து நடுங்கும் குரல். உயர்ந்த இடங்களை எட்டிப்பிடிக்க முயல்வதில்லை. பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத்தின் பின்விளைவுகள் திரும்பிவந்து அவரை வருத்தின. 2014 ஜூலை 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மறைந்தார்.